இடது பக்கம் இடம் விடவும்

இறந்து பதினோரு மாதமான ஒரு பெண், பெரிய தாள் ஃபிலிமில் படம் எடுப்பவர்களின் இணையக் குழுவில் முதன்முதலாக ஒரு பாலத்தின் மேல் தென்பட்டாள். அப்போது குழுவில் மொத்தமே ஒன்பது பேர். பாலங்களை மட்டுமே எடுப்பதால் பாலத்தார் என்று பெயர் வாங்கியிருந்த உறுப்பினர் வேறொரு நாட்டிலிருந்து அந்தப் படத்தைப் போட்டு, "எடுக்கும்போது பாலத்துல ஈ காக்கா இல்ல. இது யாரு?" என்று கேட்டிருந்தார். நாற்காலியே இல்லாத இடத்தில், நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவள் போல் அவள் நின்றாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. உடம்பின் வழியே பாலத்தின் கம்பிகள் தெரிந்தன. குழுவை நடத்திய எக்ஸ்ரேக்காரர் சரியாகப் பார்க்காமலே, "தாள் பெட்டியோட மூடியைத் திருப்பிப் போட மறந்திருப்பீங்க" என்று பதில் எழுதினார். இந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு அது. மூடியின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தால் புதுத் தாள், கறுப்புப் பக்கம் தெரிந்தால் எடுத்து முடித்த தாள். திருப்ப மறந்தால் ஒரே தாளில் இரண்டு படம் விழும். அன்று மாலைதான் அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நின்றது அவருடைய மனைவி.

அந்த நிற்பு அவருக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை; "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாளைக்கு எண்பது பேரிடம் சொல்கிற வாய். வீட்டிலும் அதே வாய்தானே இருக்கும்? துருத்தி வைத்த பெரிய கேமராவை முன்னறையில் நிறுத்தி, கறுப்புப் போர்வைக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த மனைவியைச் சரிபார்த்து, நாற்பது விநாடி அசையாமல் உட்காரச் சொல்லி எண்ண ஆரம்பித்தார். ஏழாவது எண்ணிக்கையில் உள்ளறையில் குழந்தை அழுதது. அவள் பாதி எழுந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, உள்ளே போய்விட்டாள். எந்தத் தாய்தான் போகமாட்டாள்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "நாப்பது செகண்ட் சும்மா உக்கார முடியாதா உன்னால? ஒரு தாள் பாழாப் போச்சு!" என்று கத்தினார். குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தவள், "இனிமே உங்க பொட்டி முன்னாடி நான் உக்காந்தா ஏன்னு கேளுங்க" என்றாள். சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வருடம் ஒரு காய்ச்சலில் மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தாள். அவர் எடுத்ததில் அவளுக்கென்று இருப்பது அந்தப் பாதிப் படம் ஒன்றுதான். தோளும் காதும் பின்கழுத்தும் உண்டு, முகம் கிடையாது.

பாலத்துக்குப் பிறகு அவள் வராத வாரம் இல்லை. ஆளில்லாத ரயில் நிலையத்தில் வந்தாள், பூட்டிய நூல் ஆலையில் வந்தாள், யாரோ ஒருவர் ஆசையாக எடுத்த பூசணிக்காய்க்குப் பின்னால்கூட வந்தாள். எங்கும் அதே பாதி எழுந்த நிலை, எதையோ கேட்டுத் திரும்பிய கழுத்து. பெரும்பாலும் படத்தின் இடது பக்கத்தில் நிற்கிறாள் என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, 'இடது பக்கம் இடம் விடவும்' என்பது குழுவின் நான்காவது விதியானது. ஒன்பது பேர் முந்நூறு பேராக ஒரு வருடம், பதினோராயிரம் பேராக நான்கு வருடம் பிடித்தது. அவள் இருக்கும் படம் கொடியில் காய்கிற வீடுகளில் கைக்குழந்தைகள் இரவெல்லாம் அழாமல் தூங்கின. அது தெரிந்ததும், கேமராவையே தொட்டிராத பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். எந்த மருந்தில் கழுவினால் அவள் தெளிவாக வருவாள் என்று நானூறு பக்கத்துக்குச் சண்டை நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, சண்டையிலும் மரியாதை இருந்தது. யாரும் அவளைப் 'பேய்' என்று எழுதவில்லை. எழுதிய ஒருவரையும் அன்றைக்கே நீக்கிவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் வந்தவள் எக்ஸ்ரேக்காரருக்கு மட்டும் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் அதே முன்னறையில் அறுநூறு தாளுக்கு மேல் எடுத்தார். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் ஒரு நாற்காலி, நாற்காலியில் வெயில், அவ்வளவுதான். கழுவிய தாளைச் சிவப்பு விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் கோபம் தீர்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டும். தீரவில்லை என்று அவர் முடிவே கட்டியிருந்தார். இதற்குள் மகள் வளர்ந்து, நாற்பதாயிரம் பேர் கொண்ட குழுவை அவளே மேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா, நான் அழுததாலதானே எந்திரிச்சாங்க? அப்ப என்மேலயும் கோவமா?"

"சேச்சே, உன்மேல என்னம்மா கோவம்? கத்துனது நான்தானே."

"நீங்க எப்பப் பாத்தாலும் போர்வைக்குள்ள பூந்துக்கறீங்க. அவங்க அந்தப் பக்கம் வராங்க. அப்புறம் எப்படிப்பா பாத்துக்குவீங்க? ஒரு தடவை நீங்க போய் உக்காருங்களேன்."

யோசித்துப் பார்த்தால், ஆயுளில் அந்தக் கேமராவுக்கு முன்னால் அவர் உட்கார்ந்ததே இல்லை. மகள் விடவில்லை. பாலத்தாருக்கு எழுதினாள். எழுபது வயதில் அந்த மனிதர் இரண்டு விமானம் மாறி வந்து சேர்ந்தார். மறுநாள் காலை பதினோரு மணி வெளிச்சத்தில் எக்ஸ்ரேக்காரரை முன்னறையில் உட்காரவைத்து, இடது பக்கம் காலி நாற்காலியைப் போட்டு, நாற்பது விநாடிக்கு லென்ஸைத் திறந்தார். மகள் வாய்விட்டு எண்ணினாள். பதினைந்து வரை எக்ஸ்ரேக்காரர் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார். பதினாறில் பக்கத்து நாற்காலி கிரீச்சிட்டது. திரும்பினால் தாள் பாழ் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? திரும்பினார். "தப்புதான்மா, கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிக்காமல் அழுதார். தோள் குலுங்க, மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்பது வரைக்கும் அழுதார். மகள் எண்ணுவதை நிறுத்தவில்லை. அவள் கண்ணுக்கு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

தாளை அவரேதான் கழுவினார். அவர் இருக்க வேண்டிய இடத்தில் முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, மாவைக் கரைத்து ஊற்றியது போல் ஒரு கலங்கல். பக்கத்து நாற்காலியில் மனைவி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருவ முடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, அவர் முழங்கையில் ஒரு கையை வைத்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். மகள் ஈரத் தாளைக் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "கோவமே இல்லப்பா" என்றாள்.

அன்றிலிருந்து மற்றவர்களின் படங்களிலும் அவள் உட்கார்ந்தே வருகிறாள். விதியை மட்டும் மாற்றவில்லை. படத்தைக் குழுவில் போட்டதும், என்ன லென்ஸ், என்ன மருந்து என்று வழக்கமான கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரேக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த வாரம்தான் சேர்ந்த ஒரு புது ஆள், விவரம் தெரியாமல், இடது பக்கம் இருக்கும் அம்மாவை இவ்வளவு நேரம் அசையாமல் எப்படி உட்காரவைத்தீர்கள் என்று கேட்டிருந்தார்.

"யாரும் உக்காரச் சொல்லலீங்க. அவளாத்தான் வந்து உக்காந்தா" என்று எழுதினார்.