சிவப்புக் காது யானைகள்

"தன் வீட்டுக் குழந்தைக்குன்னு ஒண்ணே ஒண்ணுகூட எடுத்துக்காம" என்று மைக்கில் சொல்லிவிட்டு ராமமூர்த்தி சற்று நிறுத்தினார். கைதட்டலுக்கு இடம் விடுகிற நிறுத்தம் அது. அவர் தமிழ் மன்றத்தின் செயலாளர், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் தட்டும் என்பது அவருக்கு அத்துப்படி. டெல்லி ஆர்.கே.புரத்துப் பூங்காவில், பொங்கல் விழா ஷாமியானாவுக்குக் கீழே மங்கிக் கேப்பும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் உடனே தட்டின. மேடையில் நின்றிருந்த சதாசிவத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். அவன் தன் ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடக்கம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். முன் வரிசையில் அவன் மனைவி காந்திமதி, இரண்டரை வயது நிவேதாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மேடையோரத்து மேஜையில் மர யானைகள் வரிசையாக நின்றன. மஞ்சள் உடம்பு, சிவப்புக் காது, நாலு சக்கரம், இழுக்க ஒரு கயிறு. மன்றத்துக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ராமமூர்த்தி ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "இதோ பாருங்கோ, ஐரோப்பிய முத்திரை. அந்த ஊர்க் குழந்தைகளுக்குப் போற அதே சாமான் இன்னிக்கு நம்ம குழந்தைகள் கையில." பெட்டியில் முத்திரை இருந்தது உண்மைதான். சரக்கு சோதனையில் தேறுமா தேறாதா என்று தெரிவதற்கு முன்பே பெட்டிகளை அச்சடித்துவிடுவது கம்பெனி வழக்கம்.

சதாசிவம் ஓக்லா தொழிற்பேட்டையில் மரப்பொம்மை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவன். திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருஷம். குடியிருப்பில் எல்லாரும் அமைச்சகம், ஆணையம் என்று பெரிய பெயர்களைச் சொல்லிக்கொள்ளும்போது பொம்மைக் கம்பெனி என்று சொல்ல ஆரம்பத்தில் அவனுக்குக் கூச்சம். ஐரோப்பாவின் பாதுகாப்பு விதிகளைப் படித்த பிறகு கூச்சம் போயிற்று, வாய் வந்தது. எதிராளி ஒரு நிமிஷம் சும்மா இருந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். "பொம்மையோட கண்ணை ஒம்போது கிலோ எடை கட்டி இழுப்பாங்க ஸார். வந்துதுன்னா மொத்தச் சரக்கும் ரிஜெக்ட்." குழந்தையின் தொண்டை அளவுக்குச் செய்த ஒரு சிறிய உலோகக் குழாய் எப்போதும் அவன் பையில் இருக்கும். அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் கைக்குழந்தையிடம் போகக்கூடாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களின் சட்டைப் பொத்தான், பேனா மூடி எல்லாவற்றையும் அதில் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான். அவனைக் கண்டால் சிலர் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பதும் உண்டு. ஆனாலும் மரியாதை கூடித்தான் இருந்தது. குழந்தைக்கு ஏதாவது வாங்கினால் தாய்மார்கள் அவனிடம் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பார்கள்.

அந்த மரியாதைதான் அவனை மாட்டிவிட்டது. தீபாவளி சமயத்தில், பொங்கல் விழாவுக்குக் குழந்தைகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று ராமமூர்த்தி கேட்டபோது, கூட இருந்த நாலு பேர் பார்க்க, "யானை தாரேன் ஸார், ஜெர்மனிக்குப் போறது" என்று சொல்லிவிட்டான். சொன்னபோது அது பொய் இல்லை. சரக்கு தயாராகிக்கொண்டிருந்தது. பாதியில் சிவப்புப் பெயிண்ட் தீர்ந்துபோனது. வழக்கமான பெயிண்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள், கப்பல் தேதியோ நெருங்கிவிட்டது. கடைக்காரன் வேறொரு டப்பாவைக் காட்டி எல்லாம் ஒரே சாமான்தான் என்றான். சோதனைக்கு அனுப்பாமல் அதை அடிக்கச் சொன்னவன் சதாசிவமேதான். ஒன்பது கிலோ பேசுகிற வாய் அன்றைக்கு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஜெர்மனிக்காரன் சும்மா விடுவானா? கப்பல் ஏறுவதற்கு முன்பே சரக்கிலிருந்து சிலதை எடுத்துத் தன் சோதனைச்சாலைக்கு அனுப்பினான். அங்கே பெயிண்டைச் சுரண்டி, மனித வயிற்றின் புளிப்புக்குச் சமமான ஒரு திராவகத்தில், உடம்புச் சூட்டில் ஊறவைத்து, எவ்வளவு விஷம் இறங்குகிறது என்று அளப்பார்கள். சிவப்பிலிருந்து ஈயம் இறங்கியிருந்தது, அனுமதித்த அளவைப்போல் பல மடங்கு. ஆர்டர் ரத்தானது. ஈயம் கைக்குழந்தைகளை என்ன செய்யும் என்று சதாசிவத்துக்கு மனப்பாடமாகத் தெரியும். உடனே ஒன்றும் செய்யாது. காய்ச்சல் வராது, வாந்தி வராது. பள்ளிக்கூடம் போகிற வயதில் பிள்ளைக்குப் படிப்பு ஏறாமல் போகும், கவனம் நிற்காமல் போகும், ஏன் என்று யாருக்கும் தெரியாது.

முதலாளி குரானாவுக்குப் பணம் போன வருத்தம் மட்டும்தான். மூட்டைகளைச் சதர் பஜார் மொத்தக் கடைகளுக்குத் தள்ளிவிடச் சொன்னார். சதாசிவம் தயங்கியபோது சிரித்தார். "அரே ஸதாஜி, ஹமாரே பச்சே தோ மிட்டி கா கே படே ஹோத்தே ஹை." நம் பிள்ளைகள் மண்ணைத் தின்றே வளர்கிறவர்கள், அவர்களுக்கு என்ன ஆகிவிடும் என்பது அவர் கட்சி. "உங்க ஆளுங்களுக்கு வேணும்னாலும் ஒரு மூட்டை எடுத்துட்டுப் போங்க" என்றும் இந்தியில் சொன்னார். சதாசிவம் எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளாவிட்டால் மன்றத்தில் போய் என்ன சொல்வது? சரக்கு ஃபெயில், பாஸ் போட்டது நான்தான் என்றா? ஆட்டோவில் மூட்டையோடு வரும்போது வழி முழுக்கத் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினான். காது மட்டும்தானே சிவப்பு. பெரிய பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து இழுக்கத்தான் போகிறார்கள், யார் வாயில் வைக்கப் போகிறார்கள். டெல்லிக் காற்றில் இல்லாத ஈயமா. வீடு வந்து சேர்வதற்குள் வழக்கில் பாதி ஜெயித்துவிட்டிருந்தான்.

மூட்டையைப் பிரித்ததும் காந்திமதி ஒரு யானையைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. நிவிக்கு ஒண்ணு எடுத்து வைக்கட்டா?"

"வேண்டாம்" என்றான் அவன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் குடுக்கீய, நம்ம பிள்ளைக்கு ஒண்ணு எடுத்தா என்ன?"

"பொதுவுக்குக் குடுக்கிறதுல நாம எடுத்தா நல்லாருக்காது."

அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு மரியாதையோடு அவள் அவனைப் பார்த்ததில்லை. மறுநாளே மலை மந்திர் முருகன் கோவிலில் ராமமூர்த்தியின் மனைவியிடம் இதைச் சொல்லிவிட்டாள். அது மைக் வரை வந்துவிட்டது.

விழா அன்று காலையிலாவது சொல்லிவிடலாம் என்றுதான் சீக்கிரமே வந்தான். ராமமூர்த்தி யானைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "ஸார், ஒரு விஷயம்" என்று தொடங்கினான். "சொல்லுங்கோ" என்று அவர் திரும்பினார். அந்த முகம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. "நாற்காலி போதுமான்னு கேக்க வந்தேன்" என்றான். போதும் என்றார் அவர்.

விழா முடிந்து யானைகள் எல்லாம் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டன. வெயில் அப்போதுதான் கொஞ்சம் உறைக்க ஆரம்பித்திருந்தது. சர்க்கரைப் பொங்கல் தொன்னைகளோடு எல்லாரும் புல்தரையில் உட்கார்ந்தார்கள். சதாசிவம் தோளில் கிடந்த சால்வையை மடித்து ஒளித்துவைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் உள்ளுக்குள் ஒரு விரற்கடை சிறுத்துப்போனான். நிவேதா காந்திமதியின் முந்தானையைப் பிடித்து, "அம்மா, மேரா ஹாத்தி கஹாங்?" என்று தன் யானையைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளிடம் இருக்கிறது, தன்னிடம் இல்லை. அதற்கு மேல் அவளுக்கு என்ன தெரியும்.

பக்கத்து பிளாக்கில் இருக்கும் ஹெலன் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நாகர்கோவில்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, கையில் ஒரு யானை. "அக்கா, எங்களுக்கு ரெண்டு கெடச்சுது. பெரியவன் தானியேலுக்கு பேட்டும் பந்தும் இருந்தாப் போதும், இத அவன் தொடக்கூட இல்ல. பிள்ள அழுகுதுல்லா, அவளுக்குக் குடுங்க." காந்திமதி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்வதற்குள் ஹெலன் குனிந்து யானையை நிவேதாவின் கையில் வைத்துவிட்டாள். அழுகை நின்றது. நிவேதா யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு ஆசை தாங்காமல் அதன் காதை வாயில் வைத்தாள்.

சதாசிவம் எப்போது பாய்ந்தான், எப்படி அவ்வளவு தூரம் வந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. யானையைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் குழந்தை மல்லாக்க விழுந்தது. பொங்கல் தொன்னை ஒன்று கவிழ்ந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது" என்றாள் காந்திமதி, குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு. "பச்சப்பிள்ள கையில போய் இப்படியா பிடுங்குவாக?"

ஹெலன்தான் சமாளிக்கப் பார்த்தாள். "அண்ணே, பொதுவுல எடுத்தது இல்ல இது. நான் குடுத்தது. இதுக்குமா கொள்கை?" என்று சிரித்தாள்.

நல்ல பெண். தப்பித்துக்கொள்ள வழி திறந்துகொடுத்தாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவன் மேலும் ஒரு படி பெரிய மனிதனாகியிருப்பான். அவனும் தலையாட்டத்தான் பார்த்தான். ஆனால் அவன் கண் ஹெலனின் இடுப்பிலிருந்த குழந்தையின் மேல் விழுந்துவிட்டது. பல் முளைக்கிற வயது. இன்னொரு யானையின் காதை ஈறுக்கு நடுவே வைத்து அது பாடுபட்டு அரைத்துக்கொண்டிருந்தது. கீழுதட்டில் மிளகாய்த்தோல்போல ஒரு சிவப்புச் செதில்.

"வாயில வைக்கக்கூடாது" என்றான் சதாசிவம்.

"எத?" என்றாள் ஹெலன்.

அவன் குழந்தையையே பார்த்தான். அவள் அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. நர்ஸ் அல்லவா, கேட்க வேண்டியதை மட்டும் கேட்டாள். "பெயிண்டா?"

அவன் தலையசைத்தான்.

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா அண்ணே?"

அவன் கையில் யானையோடு, தோளில் சால்வையோடு நின்றான். காந்திமதிதான் பேசினாள். ஹெலனிடம் அல்ல, அவனிடமும் அல்ல, தனக்குத்தானே கணக்குச் சரிபார்க்கிறவள்போல மெதுவாகச் சொன்னாள்.

"நமக்கு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னீய."

ஹெலன் அதைக் கேட்டாள். புல்தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் கிடத்தி, யானையை அதன் பிடியிலிருந்து விடுவித்தாள். பிறகு விரலை வாய்க்குள் விட்டு, ஈறு, நாக்கடி, கன்னத்தின் உள்பக்கம் என்று ஒவ்வொரு இடமாகத் துழாவி எடுத்து முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாள். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்தது. அவள் விரலைக் கடித்துக் கடித்துச் சிரித்தது.