காகிள்ஸில் மொய்த்த புள்ளிகள்

மற்றபடி அவளுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரிந்தது. சுவரில் ஊரும் எறும்பு தெரிந்தது, எதிர்மாடியில் காயும் துணி தெரிந்தது. ட்ரோனின் கேமரா அனுப்பும் படத்தைக் கண்ணெதிரே காட்டும் காகிள்ஸை மாட்டிக்கொண்டு பறக்கவிட்டால் மட்டும், ட்ரோன் கொஞ்சம் தள்ளிப் போனதும் சாம்பல் புள்ளிகள் வந்து மொய்த்தன. அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் டிவி பார்க்கும்போது மட்டும் புள்ளி, பிறகு எங்கே பார்த்தாலும் புள்ளி, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அம்மாவுக்கு அப்போது ஏறக்குறைய இவள் வயதுதான்.

படம்தான் கெட்டிருக்கிறது என்று நினைக்க அவளுக்கும் ஆசைதான். கணவன் அதற்கு வழி வைக்கவில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். இருவரும் புதுக் கட்டடங்களுக்குள் ட்ரோன் விட்டு விளம்பர வீடியோ எடுப்பவர்கள். அவள் ஓட்டுவாள். அவன் பக்கத்தில் நின்று, ட்ரோன் அனுப்புவதை வாங்கும் தனி ரிசீவர் வைத்த சின்ன மானிட்டரில் அதே படத்தைப் பார்த்து, "தூண் வருது, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பான். "படம் உடையுதா?" என்று அவள் சும்மா கேட்பதுபோலக் கேட்டால், "பளிச்னு இருக்கே" என்பான். இருப்பதைத்தான் சொன்னான். படம் சரியென்றால் கெட்டது தன் கண்தானே என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

காகிள்ஸை அவனிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அதை மாட்டினால் அவனுக்குத் தலை சுற்றும், குமட்டும். ராட்டினத்தைக் கண்டாலே தூர நின்று கும்பிடு போடுகிற ஆள். இன்னொரு காரணமும் இருந்தது. அவன் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு தப்பிக்க இடமே இல்லை. கண் டாக்டரிடம் போகாததற்கும் அதேதான் காரணம். பயப்படுகிறவர்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்!

இந்த லட்சணத்தில் கணவனுக்கு ரிசீவர் பைத்தியம் பிடித்தது. காகிள்ஸுக்குப் புதிதாக ஒன்று போட்டே ஆக வேண்டுமாம். கடைக்காரர் தெரிந்தவர். இரண்டைக் கையில் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரச் சொன்னார். ஒன்று சாதாரணம். இன்னொன்று விலையைக் கேட்டாலே மயக்கம் வரும் ரகம்.

கட்டி முடியாத அடுக்குமாடி ஒன்றின் கார் நிறுத்தும் தளத்தில் பரீட்சை நடந்தது. ட்ரோனைப் பறக்கவிடத் தேவையில்லை. அதன் கேமராவை ஆன் செய்து அவன் கையில் தூக்கிக்கொண்டு தூண் தூணாக நடந்தான். அவள் காகிள்ஸை மாட்டிக்கொண்டு, படம் எங்கே உடைகிறது என்று கத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது தூணைத் தாண்டியதுமே புள்ளிகள் வந்துவிட்டன. "நல்லா இருக்கு!" என்று கத்தினாள். மூன்றாவது தூணில் பாதிப் படம்தான் இருந்தது. அதற்கும் "நல்லா இருக்கு!" ரிசீவரை மாற்றிப் போட்டார்கள். அதே புள்ளிகள், அதே பதில். காகிள்ஸுக்குள் கண் கலங்கியதும் நல்லதாகப் போயிற்று, யாருக்கும் தெரியவில்லை.

அவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானா? அப்ப எதுக்கு இவ்ளோ விலை? சரி, அந்தக் கோடிச் சுவருக்குப் பின்னாடி போனப்ப கூடவா உடையல?"

"உடையல."

"உடையாம இருக்கவே முடியாதே! செலவாகும்னு பயந்து எல்லாத்துக்கும் மண்டைய ஆட்டற நீ. கொடு இப்படி, நானே பாக்கறேன்."

"வேணாங்க, உங்களுக்கு ஒத்துக்காது."

"பறக்கவா போறேன்? உக்காந்த எடத்துலயே பாக்கப் போறேன். போ, நட."

அவள் ட்ரோனை வாங்கிக்கொண்டு நடந்தாள். அவன் வாயிலிருந்து அந்த "நல்லாத்தானே இருக்கு" வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். முதல் தூணில், "சூப்பர்!" என்று குரல் வந்தது. அவளுக்கு அடி எடுத்து வைக்க மனமில்லை. இருந்தாலும் இரண்டாவது தூணைத் தாண்டினாள்.

"ஐயய்யோ, என்ன இது கண்றாவி!"

அவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க தெரியுது?"

"என்னத்தத் தெரியுது? ஈ மொய்க்கற மாதிரி ஒரே புள்ளி!"

"சாம்பல் கலர்லயா?"

"ஆமா!"

"ரெண்டு கண்லயுமா?"

"நாலு கண்ணு இருந்தா நாலுலயும்தான் தெரியும்! என்ன கேள்வி இது?"

அவள் ட்ரோனை மடியில் வைத்துக்கொண்டு சிமென்ட் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே விட்டாள். அவன் காகிள்ஸைக் கழற்றிவிட்டுத் தள்ளாடி ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது, பாதி குமட்டல், பாதி பயம்.

எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் டிவியிலிருந்து ஆரம்பித்து மூச்சு விடாமல் கொட்டினாள். அவன் கோபப்படப் பார்த்தான், முடியவில்லை.

"இத்தன நாளா ஒத்தையா பயந்துகிட்டு இருந்தியா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நிஜமாயிடுமோன்னு இருந்துச்சு."

கோளாறு எங்கே என்று பிறகுதான் தேடினார்கள். போன மாதம் கீழே விழுந்து காகிள்ஸின் ஆண்டெனாக்கள் வளைந்தபோது, புது ஜோடி வாங்கித் திருகியவள் அவளேதான். இந்த ஆண்டெனாக்களின் குடைபோன்ற மூடிக்குள் கம்பி சுழன்றிருக்கும். சிலதில் வலப்பக்கம், சிலதில் இடப்பக்கம். அனுப்புகிறதும் வாங்குகிறதும் ஒரே பக்கம் சுழல வேண்டும். இல்லாவிட்டால் கிட்டத்தில் படம் வரும், தள்ளிப் போனால் கரையும். ட்ரோனில் இருப்பது வலம். மானிட்டரில் இருப்பதும் வலம். அவசரத்தில் அவள் வாங்கி மாட்டியது இடம். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான், வித்தியாசமே தெரியாது.

"உன் கை பண்ண வேலைக்கு உன் கண்ணப் போய் சந்தேகப்பட்டிருக்க" என்றான்.

மானிட்டரில் இருந்த ஆண்டெனாவைக் கழற்றிக் காகிள்ஸில் போட்டு மறுபடி நடந்து பார்த்தார்கள். பழைய ரிசீவரே கோடிச் சுவர் வரை தாங்கியது. இரண்டு புது ரிசீவர்களும் பேசாமல் டப்பாவுக்குள் போயின. கடைக்காரர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

"எதுக்கும் டாக்டர ஒரு தடவ பாத்துடுவோம்" என்றான் அவன் மெதுவாக. "அம்மாவுக்கு வந்ததாச்சே."

"நாளைக்கே போலாம்" என்றாள். அவ்வளவு சுலபமாக அது தன் வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு ட்ரோனைப் பறக்கவிட்டாள். கோடிவரை போய்ச் சுவரைச் சுற்றித் திரும்பி வந்து, அவன் முகத்துக்கு எதிரே நிறுத்தினாள். ஒரு புள்ளி இல்லை. நெற்றி வியர்வை தெரிந்தது, சவரம் செய்யாத கன்னம் தெரிந்தது.

"தாடியெல்லாம் நரைச்சுடுச்சுங்க உங்களுக்கு."

"அது எனக்கே தெரியும். எறக்கு அத, பேட்டரி தீந்துடப் போகுது."

"இருங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."