பையிலேயே கிடந்த சீசா

பாத்திரம் தேய்த்த ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வீட்டு வேலைக்கு வரும் லீலா அந்தச் சின்னச் சீசாவை மீனுவிடம் நீட்டினாள்.

"நீ சொன்ன மாதிரியே கோடு வரைக்கும் புடிச்சிட்டேன் பாப்பா. எங்க குடிசைங்க இருக்கற வஸ்தி போர் தண்ணி. ஒரு மாதிரி வீச்சம் அடிக்குது. பாத்துச் சொல்லு, வவுத்துல புள்ள இருக்குல்ல."

"ரெண்டு நாள் வெச்சா தெரிஞ்சிரும்க்கா. உள்ள மருந்து இருக்கு, கறுத்துப்போனா கெட்ட தண்ணி." மீனு சீசாவைப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள்.

மீனு படிப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ். கூடவே ஒரு மைனர் பாடம் எடுத்தாக வேண்டும். சுற்றுச்சூழலும் இயற்கை வளமும் எடுத்தாள். ஆறு குளத்தின் மேல் அக்கறை வந்து எடுக்கவில்லை. அதில் யாரும் ஃபெயிலாவதில்லை என்று சீனியர்கள் சொன்னதால் எடுத்தாள். அவர்கள் இருக்கும் சாங்விப் பகுதியில் பத்து இடத்துத் தண்ணீரைச் சோதித்து ரிப்போர்ட் தர வேண்டும். அவளுக்கும் வகுப்புத் தோழன் சபரிக்கும் சேர்த்துப் பத்து சீசா கொடுத்திருந்தார்கள். மற்ற ஒன்பதும் சபரியின் ஹாஸ்டல் அலமாரியில் பிரிக்காமலே கிடந்தன.

மூன்றாம் நாள் கேன்டீனில், வடாபாவைக் கடித்தபடி சபரி போன வருஷ ரிப்போர்ட்டைத் திறந்தான்.

"இடத்தை மாத்து, தேதியை மாத்து, அவ்ளோதான். எல்லாத்துக்கும் 'நிறம் மாறவில்லை'."

"ஒண்ணு நெஜமாவே இருக்குடா. லீலாக்கா குடுத்தது. இன்னும் பாக்கல."

"அது கறுப்புன்னு வந்தா வைவாவுல நோண்டுவாங்க. ஏன் கறுத்துச்சு, சாக்கடை எங்க சேருதுன்னு. பதில் வெச்சிருக்கியா மேடம்? மைனர்டி இது. இதுக்குப் போய் உசிரை விடாத."

மீனு சிரித்தாள். பை மடியில்தான் இருந்தது. ஜிப்பைத் திறக்கவில்லை. பத்தாவது கட்டத்திலும் 'நிறம் மாறவில்லை' என்று எழுதினாள்.

மறுநாள் காலை லீலா கேட்டாள். "என்ன பாப்பா ஆச்சு எங்க தண்ணி?"

"நல்லாத்தான் இருக்குக்கா."

"அப்பாடா! எதிர் அபார்ட்மெண்ட் சொசைட்டிலேர்ந்து தெனம் ரெண்டு கொடம் தூக்கி இடுப்பே விட்டுப்போச்சு. இனிமே அதையே குடிக்கிறேன்."

ஒரு மாதம் கழித்து லீலா வேலைக்கு வருவது நின்றது. நான்காம் நாள், மீனுவின் அம்மா அமலா ஃபோனை வைத்துவிட்டு அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள்.

"மஞ்சக் காமாலையாம் மீனு. கெட்ட தண்ணியால வந்துச்சுங்கறாங்க. மாசமா இருக்கறவளுக்கு வந்தா ரொம்ப மோசமாம். கொழந்தை வயித்துலயே போயிருச்சு. பொண்ணாம்."

மீனு பையை இழுத்து ஜிப்பைத் திறந்தாள். சீசா மை போலக் கறுத்திருந்தது.

அந்த வாரம்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு வகுப்பிலேயே அதிக மார்க் வந்திருந்தது. சீசாவோடு பேராசிரியர் ராகவேந்திராவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சீசாவைத் தொடக்கூட இல்லை.

"மார்க் ஏத்தியாச்சும்மா. இப்ப மாத்தினா எல்லாருக்கும் தலைவலி. மைனர் சப்ஜெக்ட்தானே, விடு."

இதையேதான் அவளும் நினைத்திருந்தாள். அவர் வாயால் கேட்டபோது காறித் துப்பலாம் போல இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் லீலாவின் கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு வற்றியிருந்தது. மீனு சீசாவைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். லீலா அழவில்லை.

"அந்தப் பையைத் தொறந்து பாக்க எவ்ளோ நேரம் ஆயிருக்கும் பாப்பா?"

"ஒரு நிமிஷங்கூட ஆயிருக்காதுக்கா."

"என் மூக்கு சொல்லுச்சு, குடிக்காதன்னு. நீ படிச்ச புள்ளையாச்சே, மூக்குக்கு என்னா தெரியும்னு உன்னை நம்புனேன்." லீலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மீனு போகும்வரை திரும்பவில்லை.

மறுநாள் 'இந்த ரிப்போர்ட் பொய்' என்று கையெழுத்துப் போட்டுத் துறையில் கொடுத்துவிட்டு, சபரியின் அறை வாசலில் நின்றாள். "அந்த ஒன்பது சீசாவைக் குடு. வஸ்தியில இன்னும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க."

"பைத்தியமா நீ? ரெண்டு பேருக்கும் மார்க் போயிடும்."

"போகட்டும். லீலாக்காவுக்குப் புள்ளையே போயிருச்சு. நாம எழுதற ஒரு வரியை நம்பி யாரோ தண்ணி குடிக்கிறாங்க சபரி. பாக்காம எழுதினா அது கொலை."