ஒன்றாம் நம்பர் பெட்டி

கிடார் வாசிப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவரே சொல்லுவார். அதில் பாதி நிஜம்தான். மீதிப் பாதியை மற்றவர்கள் சேர்த்து, 'பாம்புக்காது' என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். பதினெட்டுப் பேர் வாசிக்கிற மேடையில் யாருடைய கம்பி இம்மி இறங்கினாலும், திரும்பிப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவார். ஐம்பத்தைந்து வயதிலும் அந்தப் பெயரைச் சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்வதுபோல எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டு திரிந்தார்.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் போன வாரம் பாடகி வந்து பேசினார். இசைக்குழு அந்த அம்மாவுடையது. பதினேழு வருஷமாக அவருக்கு வலது பக்கம் நின்று பாம்புக்காது வாசித்துவருகிறார்.

"சார், உங்க கிடார் சத்தம் காதுல ஊசி குத்துது. மூணு தடவ சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமையும் இப்படியே இருந்தா, மன்னிச்சுக்கங்க, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

பாம்புக்காதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவருடைய ஆம்ப்ளிஃபயர் அவர் பிறப்பதற்கு முன்பே செய்தது, அந்தக் கால ரேடியோபோலக் கண்ணாடி வால்வில் ஓடுவது. உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு. அதில் ஒன்றின் காகிதம் ஓரத்தில் கிழிந்து கரகரத்தது. இன்னொன்றும் செத்திருக்கும். ஸ்பீக்கர் செத்தால் சத்தம் மங்கும். மங்கினால் கூர்மையைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருப்பத்தானே வேண்டும்? இரண்டு வருஷமாக நாலிலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஒன்பது என்று திருப்பிக்கொண்டே வந்திருந்தார். புது ஸ்பீக்கர் இரண்டு போட்டால் தீர்ந்தது விஷயம். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை காலை ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு மச்சினியின் பட்டறைக்குப் போனார். ஒரு பக்கக் கைப்பிடி அவர் கையில், மறு பக்கம் மனைவி கையில். சைக்கிள் கடைக்கு மேலே, ஒடுங்கிய படிக்கட்டு ஏறிப் போகவேண்டிய அறை. ஈயம் பற்றவைத்த வாசனை வாசலிலேயே வந்து வரவேற்கும். மேஜை முழுக்கத் திறந்து போட்ட ரேடியோக்கள். நாற்காலி மட்டும் ஒன்றே ஒன்று.

"வாங்க அத்தான்! எங்க அக்காவச் சுமை தூக்கறதுக்குத்தான் கட்டிக்கிட்டீங்களா?" என்றாள் மச்சினி. மனைவியின் தங்கைதான். எந்தச் சத்தப்பெட்டியையும் பிரித்து மேய்ந்துவிடுவாள். நாக்கும் அதே அளவுக்குக் கூர்மை.

பின்பலகையைக் கழற்றினாள். ஸ்பீக்கர் காகிதத்தை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். "ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணு குத்துக்கல்லு மாதிரி இருக்கு."

"ரெண்டயும் தூக்கிப் போடு. இருக்கறதுலயே பளிச்சுன்னு பேசற ஜோடி எதுவோ அதக் குடு."

"கேட்டுட்டு எடுங்க. வாட்ஸும் ஓமும் உங்க ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்தற ஜோடி மூணு இருக்கு. மூணையும் மூணு பெட்டில மாட்டி, திரைக்குப் பின்னால வெக்கறேன். கண்ணால பாத்தா கம்பெனி பேரப் பாத்து ஓட்டுப் போடுவீங்க."

"என் காதுக்கே பரீட்சையா? வை, வை."

ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்தார். மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். மச்சினி திரைக்குப் பக்கத்தில் சுவிட்சைத் திருப்பினாள்.

ஒன்றாம் நம்பர். நாலு சுரம் வாசிப்பதற்குள் முகத்தைச் சுளித்தார். "ஐயய்ய! கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டுப் பேசுது."

"எனக்கு அதுதாங்க நல்லா இருந்துச்சு," என்றாள் மனைவி.

"உனக்கு என்னடி தெரியும்? சும்மா இரு." முப்பது வருஷமாகச் சங்கீதம் பற்றி அவளுக்கு அவர் கொடுத்த ஒரே பதில் அது.

இரண்டாம் நம்பர் பரவாயில்லை என்றார். மூன்றாம் நம்பரில் விரல் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது! இதுக்குத்தான் உசிரு இருக்கு! மாட்டு இத." மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. மச்சினி கவனித்தாள்.

"மாட்றதுக்கு முன்னால எங்கயாவது அதிருதான்னு பாத்துடறேன்," என்று ஒரு சின்னப் பெட்டியை எடுத்து இணைத்தாள். அதிலிருந்து ஒரே சீரான ஊளைச் சத்தம் வரும்; குமிழைத் திருப்பத் திருப்ப, அடித்தொண்டையிலிருந்து கீச்சுக்குரல் வரை ஏறும். எந்த ஸ்பீக்கர் மாட்டினாலும் இந்தச் சோதனை செய்யாமல் அவள் விடமாட்டாள். "நீங்களும் கேளுங்க அத்தான். கரகரன்னா சொல்லுங்க."

சத்தம் முனகலில் தொடங்கி ஏறியது. பாம்புக்காது கண்ணை மூடித் தலையாட்டினார். சுத்தம். விசில் அளவுக்கு ஏறியது. அதுவும் சுத்தம். அப்புறம் நின்றுபோனது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

கண்ணைத் திறந்தார். சின்னப் பெட்டியின் முள் இன்னும் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. கதவோரம் மனைவி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றாள்.

"நிறுத்தல அத்தான்," என்றாள் மச்சினி.

அவர் எழுந்து போய்க் குமிழைத் தானே பிடித்தார். கீழே இறக்கினார், சத்தம் வந்தது. மேலே ஏற்றினார், போனது. ஒயரைப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தார். திரும்ப இறக்கினார், ஏற்றினார். முப்பத்திரண்டு வருஷமாக மேடையில் அவருக்கு இரண்டு முழம் தள்ளி டிரம்ஸ்காரரின் பித்தளைத் தட்டு காதில் அறைந்துகொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. போன மாதம் சவுண்டுக்காரனை எல்லார் முன்னாலும் "செவிட்டுப் பயலே" என்று திட்டியதும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நாளான்னிக்குக் கச்சேரி," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எனக்குக் கேக்காதது இருக்குன்னா, நான் எத நம்பி வாசிக்கறது?"

"வாசிக்கறது வெரலு. அதுக்கு ஒரு கேடும் இல்ல," என்றாள் மச்சினி. "திங்கக்கிழமை காது டாக்டர்ட்டப் போங்க. இப்ப ஸ்பீக்கரச் சொல்லுங்க."

"நீயே எடு."

"நான் எடுக்கமாட்டேன். நான் உங்க கச்சேரி கேட்டு எத்தனை வருஷமாச்சு!"

பாம்புக்காது குமிழிலிருந்து கையை எடுத்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார். முப்பது வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு கச்சேரி விடாமல் கேட்டவள் அங்கே நின்றாள்.

"நீ சொல்லு," என்றார்.

"நானா? எனக்கு என்னங்க தெரியும்?"

"அடியே, வார்த்தைய என்கிட்டயே திருப்பாத. சொல்லு."

"ஒண்ணாம் நம்பர்," என்றாள் அவள், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

மச்சினி சிரித்துக்கொண்டே திரையை விலக்கினாள். ஒன்றாம் பெட்டியில் ஒரு ஸ்பீக்கர் புதுசு. பக்கத்தில் இருந்தது அவர் தூக்கிப் போடச் சொன்ன, கிழியாத பழையது. "ஒரே கம்பெனி, ஒரே குடும்பம் அத்தான். அதான் ஜோடி சேத்தேன்."

இரண்டையும் மாட்டினார்கள். அவர் வாசிக்க, மனைவி ட்ரெபிள் குமிழைத் தானே திருப்பிப் பார்த்து, நாலில் நிறுத்தினாள். தன் சிவப்புக் கைப்பையிலிருந்து அதே நிற நகப்பூச்சை எடுத்து அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். "இதத் தாண்டக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறியதும் முதலில் சவுண்டுக்காரனிடம் போய், "தம்பி, நான் பேசினது தப்பு," என்றார். அவன் ஆடிப்போனான். முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது பாட்டில் அவருக்கு எல்லாம் மங்கலாகப் பட்டது. பழக்கதோஷம், கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. கடைசி வரிசையில் மனைவி விருட்டென்று எழுந்து நின்றாள். பின்னால் நின்றிருந்தவர்கள் "உக்காரும்மா!" என்று அதட்டினார்கள். அவள் உட்காரவில்லை. கையை அவர் எடுத்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் குமிழ்ப் பக்கம் அவர் போகவே இல்லை. தனக்கு மங்கலாகக் கேட்பது அவளுக்குச் சரியாகக் கேட்கும் என்று நம்பி, விரலை அதன் போக்கில் விட்டார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக அவர் வாசித்ததே இல்லை.

கச்சேரி முடிந்ததும் பாடகி நேராக அவரிடம் வந்தார். "என்ன சார் இது! குழைஞ்சு குழைஞ்சு வந்துச்சு. அடுத்த மாசத் தேதியெல்லாம் குறிச்சுக்கங்க. ஸ்பீக்கர மாத்திட்டீங்களா?"

"ஒரு ஸ்பீக்கர மாத்தினேன் மேடம்," என்றார் பாம்புக்காது, ஒயரைச் சுற்றிக்கொண்டே. "ரெண்டு காதயும் மாத்திட்டேன். அதோ, கடைசி வரிசையில சிவப்புப் பையோட உக்காந்திருக்கு பாருங்க."