சாவுகிராக்கி

நொச்சிக்குப்பம் ரோட்டோரம் என் மீன் கடையில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது முதலில் வந்தது. பக்கத்தில் துணி விரித்துக் கிடத்தியிருந்த என் மூன்று மாத மகள் கொட்டாவி விட்டாள். இந்தக் கத்தியை இவள் மேல் வைத்தால் என்ன என்று ஒரு நினைப்பு. கத்தியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன். இப்படி நினைப்பவளெல்லாம் ஒரு தாயா? பதினோரு நாள் அவளை நான் தூக்கவில்லை. பால் கொடுக்கும்போதுகூட வீட்டுக்காரர் டில்லிபாபு பிடித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு வலி என்று புளுகினேன். வீட்டுக் கத்திகளைப் பரணில் ஏற்றினேன். நினைப்பு விரட்ட விரட்டக் கூடியதுதான் மிச்சம்.

பன்னிரண்டாம் நாள் மகளுக்குத் தடுப்பூசி. ஆட்டோ டில்லிபாபுவினுடையது. ஓட்டுகிறவர் பிள்ளையைப் பிடிக்க முடியுமா? என் மடியில் வைத்தார். அடையாறு பாலம் தெரிந்ததும், இவளை ஆற்றில் போட்டால் என்ன என்று வந்தது.

"யோவ், நிறுத்துய்யா! என்னை நம்பி இவளைக் குடுக்காத."

ஓரங்கட்டினார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அறைவார் என்று நினைத்தேன். அவர் பாலத்தைக் கைகாட்டினார்.

"இதும்மேல ஏறும்போதெல்லாம் வண்டிய ஆத்துல வுட்டா இன்னான்னு எனக்கும் தோணும். சவாரி உக்காந்துகினு கீறப்பவே."

"வுட்டியா?"

"வுட்டிருந்தா இங்க ஒக்காந்து உங்கையில பேசிகினு இருப்பனா?"

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். அந்த மனுஷனுக்கு அன்றைக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் டில்லிபாபுவே பேச்செடுத்தார். "பிள்ளை பெத்தவங்க நிறைய பேருக்கு இது வரும்மா. நினைக்கிறது வேற, செய்யறது வேற. செஞ்சுடுவோமோன்னு நீங்க பயப்படுறீங்க பாருங்க, அதுவே நீங்க யாருன்னு சொல்லுது. நினைப்பு வந்தா அதோட சண்டை போடாதீங்க" என்றார் டாக்டரம்மா. வாராவாரம் வரச் சொன்னார். அவருக்கும் ஒரு கும்பிடு.

சண்டை போடாமல் எப்படி? யோசித்தால், எனக்குத் தெரிந்த தொழில்தான். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிற கிராக்கிகள் தினமும் வருகிறார்கள். அவர்கள் பின்னால் நான் ஓடுவதுமில்லை, அவர்களுக்காகக் கடையை மூடுவதுமில்லை.

நேற்று மகளோடு கடைக்கு வந்தேன். சங்கரா வெட்டும்போது அது வந்தது.

"வந்துட்டியா சாவுகிராக்கி? பாத்துட்டுப் போ."

எதிரே மீனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் முறைத்தார். "யாரைம்மா சொல்றே?"

"உன்ன இல்ல சார்."

மகள் சிணுங்கினாள். கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு, ஈரக் கையோடு அவளைத் தூக்கிக்கொண்டேன். அவள் கன்னத்தில் ஒரு செதில் ஒட்டி மின்னியது.