அத்தைக்காக நின்ற படகு

ஆற்றில் படகு கவிழ்ந்து ஊரே அழுது ஓய்ந்த பிறகு, படகுத்துறைக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருத்தி வந்தாள். கறார் பேர்வழி. வந்ததும் இரண்டே சட்டம் போட்டாள்: லைஃப் ஜாக்கெட் மாட்டாதவர்கள் படகில் ஏறக் கூடாது, படகின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடு தண்ணீரைத் தொட்டால் அதற்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது.

முதல் நாள் காலையிலேயே ஆளுக்கொரு சாக்கு.

"நான் மீன் மாதிரி நீந்துவேன்மா" என்றார் தபால்காரர்.

"மீனையும்தான் தினம் கூடையில அள்ளிட்டு வர்றாங்க. மாட்டுங்க சார்."

வரிசை சிரித்தது, தபால்காரர் மாட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் மாட்டிக்கொண்டார்கள். அப்போதுதான் குடையைப் பிடித்தபடி அதிகாரியின் மாமியார் வந்து சேர்ந்தாள். அக்கரையில் அவளுக்குத் தையல் கடை.

மருமகள் ஒரு ஜாக்கெட்டை நீட்டினாள். "அத்தை, இது உங்களுக்கு."

"ஊருக்கே ஜாக்கெட் தைக்கிறவ நான். எனக்கே ஜாக்கெட் மாட்டப் பார்க்கிறியா? இதென்ன தையல்? இழுத்துக் கட்டுன தலகாணி மாதிரி!"

துறை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. மாமியாரை விட்டுவிட்டால் நாளைக்கு ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். விடாவிட்டால் இன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறு இறங்காது. மருமகளுக்கு இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை.

"படகு எடுக்காதீங்கண்ணே" என்றாள் படகோட்டியிடம்.

"ஏம்மா, உங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு நாங்கதான் கிடைச்சோமா?" என்று தலையிலடித்துக்கொண்டார் அவர்.

மாமியார் துறையின் படியில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள். மருமகளும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாமியார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே அந்த நாள்தான் கண்ணு முன்னாடி வருதுடி. இதைப் போட்டுக்கிட்டு வந்த மீட்புக்காரங்கதானே ஆத்துல அவளைத் தேடினாங்க."

அவள் என்றால் காய்கறிக்காரி. ஓரத்து இருக்கைக்காகத் தினமும் மாமியாரோடு சண்டை போட்டு, அக்கரை சேர்வதற்குள் சமாதானமாகிவிடுகிறவள். விபத்தன்று மாமியாருக்குக் காய்ச்சல். அவள் இல்லாமல் படகேறிய காய்கறிக்காரி திரும்பவில்லை. அதற்குப் பிறகு மாமியார் அவள் பேச்சையே எடுத்ததில்லை.

மருமகளின் அதிகாரிக் குரல் எங்கோ போய்விட்டது.

"அத்தை, அன்னைக்கு அந்தப் படகில ஒரு ஜாக்கெட்கூட இல்ல. இருந்திருந்தா இந்நேரம் உங்ககூட மல்லுக்கு நிக்க அவங்களே வந்திருப்பாங்க. நான் எதுக்கு?"

மாமியார் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தாள்.

"மாட்டு. புடவை கசங்கினா நீதான் இஸ்திரி போடணும்."

மருமகள் பட்டையை இழுத்துக் கட்டினாள். மாமியார் குனிந்து இடுப்புப் பக்கம் பார்த்தாள்.

"இங்க ரெண்டு தையல் பிரிச்சா எவ்வளவு நல்லா உட்காரும்!"

"கத்திரி பட்டா உங்களுக்கு அபராதம், அத்தை."

"ரொம்பத்தான்!"

மருமகளும் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏற, படகு கிளம்பியது. மாமியார் ஓரத்து இருக்கையில்தான் உட்கார்ந்தாள்; சண்டைக்கு வர ஆளில்லை. நடு ஆறு வரைக்கும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பிப் படகிலிருந்தவர்களை ஒவ்வொருவராக அளவெடுப்பதுபோலப் பார்த்தாள். பார்வை படகோட்டியிடம் போய் நின்றது.

"ஏம்பா, நீ மட்டும் என்ன ஜாக்கெட்டைத் திறந்து போட்டுக்கிட்டு வர்றே? பொண்ணு பார்க்கவா போற? பட்டையை மாட்டு!"

படகோட்டி உதவிக்கு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியோ சிரிப்பை அடக்க முடியாமல், அக்கரையில் ஏதோ முக்கியமானது தெரிவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் முனகிக்கொண்டே பட்டையை மாட்டினார்.