நிரந்தர வசிப்பு

கோரின் தொலைபேசியை அப்பாவின் காதோடு பிடித்துக்கொண்டு கால்மணி நேரமாக நின்றிருந்தாள். மறுமுனையில், டெக்சாஸிலிருந்து, வில்லிஸ் பெரியப்பா போட்ட சத்தம் படுக்கையின் கால்மாடு வரை கேட்டது.

"கல்லறைக் கல்லுல உன் பேரு வெட்டியாச்சுடா. செத்த வருஷம் மட்டும்தான் பாக்கி. இப்ப வந்து வரமாட்டேன்னா, அந்த இடத்துல நான் என்ன உருளைக்கிழங்கா போடறது?"

"போடு. நல்ல மண்ணு," என்றார் ராய்ஸ் டிப்டன். அந்த மூன்று சொல்லுக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா பக்கத்துல படுக்கணும்னு நீதானடா சொன்னே? நானா சொன்னேன்?"

ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, போதும் என்பதுபோல் ஒரு விரலை அசைத்தார். கோரின் இணைப்பைத் துண்டித்தாள்.

"கல்லறைக்காரன் ரசீது கொடுத்தானா?"

"கொடுத்தான்பா. சி வரிசை, பதினேழாம் நம்பர்."

"கான்சாஸ்னு போட்டிருக்கா?"

"கோல்டர், கான்சாஸ்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு."

அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு திருப்தி வந்தது. மதக்குரு வந்து அரைமணி நேரம் ஜெபித்தபோதுகூட அது வரவில்லை.

ராய்ஸ் செய்த தவறு ராணுவத்தில் பாதிப்பேர் செய்வதுதான். பிறந்தது டெக்சாஸ், டெக்சாஸ் சம்பளத்தில் வருமான வரி என்று கைவைக்காது. ஆகவே எந்த மாநிலத்து முகாமில் போட்டாலும், எந்தப் பாலைவனத்துக்கு அனுப்பினாலும், காகிதத்தில் டெக்சாஸ்காரனாகவே இருந்துவிடுவது வழக்கம். இருபத்துநாலு வருடம் அப்படி இருந்தார். ஓய்வு பெற்று, கோல்டரில் வீடு வாங்கி, ஊர்த் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஓட்டுநர் உரிமத்தை மாற்றவில்லை. தபாலில் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். கிடங்குச் சம்பளத்தில் கான்சாஸ் பதினோரு வருடம் வரி பிடித்தது. பிடிக்கும்போது இவர் எந்த ஊர் என்ற சந்தேகம் அதற்கு ஒருநாளும் வந்ததில்லை.

சந்தேகம் கோரினுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தபோதுதான் வந்தது. கோல்டர் மாநிலக் கல்லூரியின் வாசலில் 'வீரர்களின் இரண்டாம் இல்லம்' என்று வெண்கலப் பலகை இருக்கிறது. உள்ளூர் மாணவருக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலத்தவருக்கு மூன்று மடங்கு. முன்னாள் படைவீரரின் பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம் உண்டு. ஆனால் வீரர் இம்மாநிலத்தில் நிரந்தரமாக வசிக்கும் உத்தேசம் கொண்டவராக இருக்க வேண்டும். உத்தேசத்தை அளக்கப் பதினோரு பக்கப் படிவம். ராணுவம் ராய்ஸுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் கடைசிவரை மறக்காதது, படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது. 'பிற மாநிலங்களில் உள்ள அசையாச் சொத்து' என்ற கட்டத்துக்கு எதிரே, வேறு எதுவும் இல்லாததால், நேர்மையாக எழுதினார்: கல்லறை இடம், ஒன்று, டெக்சாஸ்.

பதிலில் கல்லூரித் துணைத் தலைவர், முனைவர் கார்லண்ட் ஸ்ப்ரேக், கையொப்பமிட்டிருந்தார். விண்ணப்பதாரரின் தந்தை இறுதியில் டெக்சாஸ் திரும்பும் உத்தேசமுடையவர் என்பதை அவரது சொந்த வாக்குமூலமே நிரூபிக்கிறது. எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. தங்கள் தன்னலமற்ற சேவைக்குத் தேசம் கடமைப்பட்டுள்ளது.

மேல்முறையீட்டுக்கும் அதே பதில், அதே கடமைப்பாடு. ஒரு பருவம் மூன்று மடங்கைக் கட்டிப் பார்த்துவிட்டு கோரின் நின்றுவிட்டாள். மாட்டுத்தீவனக் கடையில் வேலை கிடைத்தது. கடிதத்தை ராய்ஸ் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஒரு வருடமாகப் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்தார். நோய் நுரையீரலில் வந்தது என்று மருத்துவர் சொன்னார். பாதி அந்தக் கதவிலிருந்து வந்தது என்று கோரின் நினைத்தாள்.

"செத்தப்புறமுமா சண்டை போடுவே?" என்றாள் அம்மா லீட்டா, சூப்புக் கிண்ணத்தோடு உள்ளே வந்து.

"உயிரோட போட்டுத் தோத்தாச்சே, லீட்டா."

"உங்கம்மா பக்கத்துல இடம் இருக்கு. நாளைக்கு நான் போனா எங்க போறதுன்னு யோசிச்சியா?"

"பதினெட்டாம் நம்பரும் வாங்கியாச்சு."

லீட்டா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அவரையே பார்த்தாள். பிறகு, "ஆறிப்போச்சு, சூடு பண்ணிட்டு வரேன்," என்று திரும்பிப் போனாள்.

ராய்ஸ் மகளைக் கிட்டே வரச் சொன்னார். "ஸ்ப்ரேக்கைக் கூப்பிடு. வருவான். ஊர்ல எந்தப் பழைய சிப்பாய் செத்தாலும் வந்து நிப்பான்."

"வந்து?"

"மைக்கைக் கைல கொடு. மிச்சத்தை அவனே பாத்துக்குவான்."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலு மணிக்கு லீட்டா சூப்பை மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்தபோது, கோரின் அப்பாவின் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். லீட்டா கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு போர்வையை அவர் முகம்வரை இழுத்து மூடினாள்.

மறுநாள் காலை கோரின் கல்லூரிக்குப் போன் செய்தாள். "அப்பா கடைசியா உங்க பேரைத்தான் சொன்னாரு, சார்," என்றாள். பேரோடு சேர்த்துச் சொன்ன மற்றவற்றை அவள் சொல்லவில்லை.

"நெஞ்சு கனக்குதும்மா," என்றார் ஸ்ப்ரேக். "எத்தனை நிமிஷம் பேசலாம்?"

வெள்ளிக்கிழமை, ஆகஸ்ட் வெயில் கல்லறை மைதானத்தின் புல்லை வைக்கோலாக்கியிருந்தது. ஆறு சிப்பாய்கள் பெட்டியைத் தூக்கிவந்து குழிக்கு மேல் கட்டிய பட்டைகளில் வைத்தார்கள். வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டார்கள். ஊதுகொம்பு வைத்திருந்த பையனுக்கு ஊதத் தெரியாது. கொம்புக்குள் இருந்த ஒலிப்பதிவுக் கருவியின் பொத்தானை அமுக்கிவிட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றான். பாட்டு பிசிறில்லாமல் வந்தது. பெட்டிமேல் போர்த்தியிருந்த கொடியை முக்கோணமாக மடித்து, நன்றியுள்ள தேசத்தின் சார்பாக லீட்டாவின் மடியில் வைத்தார்கள். நன்றியுள்ள தேசம் இதுவரை அந்த வீட்டுக்குக் கடிதம்தான் போட்டிருந்தது.

பிறகு ஸ்ப்ரேக் எழுந்தார். கறுப்புக் கம்பளிக் கோட்டு, மார்பில் கொடிச் சின்னம், நெற்றியில் வியர்வை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் புகைப்படக் கருவியைத் தூக்கும்வரை காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"ராய்ஸ் டிப்டன் யார்? டெக்சாஸ் அவரைப் பெத்திருக்கலாம். ஆனா அவரைத் தேர்ந்தெடுத்தது கான்சாஸ். இல்ல, கான்சாஸை அவர் தேர்ந்தெடுத்தார். இந்த மண்ணை நேசிச்சார். இன்னைக்கு இந்த மண்ணுக்கே தன்னைக் கொடுக்கிறார். நண்பர்களே, ராய்ஸ் இனி எங்கேயும் போகப்போறதில்ல. என்னைக்கும் அவர் நம்மவர்."

முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த பழைய சிப்பாய்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். ஸ்ப்ரேக் அந்த மூக்குச் சத்தம் அடங்கும்வரை நிறுத்தி, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு உட்காரப் போனார்.

கோரின் எழுந்தாள். கைப்பையிலிருந்து படிவத்தின் பதினோரு பக்கத்தையும் எடுத்தாள்.

"நன்றி சார். இப்ப சொன்னதையே எழுத்துல கொடுத்துடுங்க."

"என்னம்மா இது?"

"மறுபரிசீலனை மனு. டெக்சாஸ் திரும்பிடுவாருன்னு சொல்லி ரெண்டு தரம் நிராகரிச்சீங்க. திரும்பல. கல்லறை ரசீதைப் பின்னாடி வெச்சிருக்கேன்."

ஸ்ப்ரேக் காகிதத்தைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்தினார். "மிஸ் டிப்டன், துக்க நேரத்துல இதெல்லாம்… திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாங்க, பொறுமையா உக்காந்து பேசலாம்."

"இன்னைக்கு அஞ்சு மணியோட கடைசித் தேதி சார். உங்க வெப்சைட்ல இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

பின்வரிசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார். "என்ன கேக்குறா?"

"ஃபீஸ் விவகாரம் போலிருக்கு."

"யாரு ஃபீஸு?"

"ராய்ஸ் பொண்ணுக்கு. நம்ம ராய்ஸை வெளியூர்க்காரன்னு சொல்லி மூணு பங்கு கேட்டிருக்கானுங்க."

"இவனா? இப்ப அழுதானே, இவனா?"

"அழல. வேர்வை."

பத்திரிகைக்காரப் பெண் கருவியை மறுபடி தூக்கினாள். ஆறு சிப்பாய்களும் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேராகப் பார்க்கும் திசையில் ஸ்ப்ரேக் இருந்தார்.

"கையெழுத்து போடுறதுக்கு என்னம்மா, தாராளமா," என்றார் அவர், கூட்டத்துக்குக் கேட்கும்படி. "ஆனா இங்க எழுதறதுக்கு ஒரு மேசைகூட…"

கோரின் பெட்டியைக் காட்டினாள். "இங்கயே வெச்சு எழுதுங்க. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு."

அவர் லீட்டாவைப் பார்த்தார். அவளாவது இதைத் தடுப்பாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். லீட்டா மடியில் இருந்த கொடியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"குனிஞ்சு எழுதுங்க, சத்தம் போடமாட்டாரு," என்றாள்.

ஸ்ப்ரேக் பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார். தங்கமுலாம் பூசியது, படைவீரர் நலனுக்காகப் பாடுபட்டதற்கு யாரோ கொடுத்த பரிசு, பக்கவாட்டில் அவர் பெயரே பொறித்திருந்தது. ராய்ஸின் நெஞ்சுக்கு நேராகப் பெட்டிமூடி மேல் காகிதத்தை விரித்து, முதுகை வளைத்து, கையெழுத்துப் போட்டார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மையில் பரவியது.

"தேதி, சார்."

போட்டார்.

"ஒரு கட்டம் காலியா இருக்கு. 'ஒப்புதலுக்கான காரணம்'. காலியா விட்டா உங்க ஆபீஸ்லேயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"என்ன எழுதணும்?"

"உண்மையை எழுதுங்க."

அவர் யோசித்தார். முன்வரிசை முழுதும் அவரோடு சேர்ந்து யோசித்தது. கடைசியில், தந்தை இம்மாநிலத்தில் நிரந்தரமாக வசிக்கிறார் என்று எழுதினார். கோரின் அதை உரக்கப் படித்தாள், இரண்டு முறை, எழுத்துப் புரியாதவள்போல. கிழவர்களில் ஒருவர் இருமினார்; இருமல் சிரிப்புக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அவள் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்து மூடிய பிறகுதான் ஸ்ப்ரேக் நிமிர்ந்தார். கால் முன்வைத்துக் கிளம்பப் பார்த்தார்.

"பெட்டியை இறக்கற வரைக்கும் இருங்க சார். நம்மவர்தானே."

இருந்தார். கல்லறைக்காரன் பெட்டியை இறக்கும் பிடியைத் திருகினான். பட்டைகள் முனகின. பெட்டி ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தபோது, மூடியின் மேல் மறந்துவிட்ட பேனா உருண்டு, விளிம்பிலிருந்த பித்தளைப் பட்டியில் தட்டி நின்று, வெயிலில் ஒருமுறை மின்னியது. ஸ்ப்ரேக் பார்த்தார். வாயைத் திறந்தார். கோரின் அவர் வாயைப் பார்த்தாள். அவர் மூடிக்கொண்டார். பெட்டியோடு பேனாவும் இறங்கியது.

"அந்தாளு பேனா உள்ள போயிருச்சு," என்றாள் லீட்டா, மெதுவாக.

"பாத்தேன்மா."

கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. லீட்டாவைக் கிழவர்கள் நிழலுக்குக் கூட்டிப்போனார்கள். கல்லறைக்காரன் சின்ன மண்வாரி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஆரம்பிக்கட்டுமா?" என்றான்.

"ஒரு நிமிஷம்," என்றாள் கோரின்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. கல்லூரிக்குப் பத்து நிமிடம். ஆனாலும் அவள் அப்பாவின் குழிக்கு அடுத்த பதினாறாம் நம்பர் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள். கல்லில் புல் வெட்டிய தூசி அப்பியிருந்தது. குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் துடைத்தாள். யூனிஸ் க்ளாசன், 1931–2004, என்றிருந்தது. வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. பாட்டிக்குப் பதிலாக அப்பாவின் பக்கத்தில் இருக்கப்போகிற அவர் யாரென்று கோரினுக்குத் தெரியாது. அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, கல்லின் மேல்விளிம்பையும் துடைத்தாள்.